பதினாறு குதிரை போதாதா?



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, கம்பெனிகளில் சம்பளப் பட்டுவாடா முடிந்து கடைவீதி கலகலத்துக்கொண்டிருந்த நேரம், நம் பங்கைச் சேர்ந்த லோடு வண்டிக்காரர் ஒருவர் தம் மனைவியோடு என்னைப் பார்க்க வந்தார். பிள்ளைக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்க வந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "சாமி, குட்டியானையைக் கொடுத்துட்டுப் பெரிய எஞ்சின் வண்டி எடுக்கலாமுங்களா? சாமி ஒரு வார்த்தை சொன்னா மனசு தெளியும்" என்றார். அவர் மனைவி ஒன்றும் பேசவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

வண்டி விஷயத்துக்குச் சாமியாரிடம் ஏன் வருகிறாய், மெக்கானிக்கிடம் போ என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கலாம். சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அந்தக் கைப்பை வார் என் கண்ணை விட்டு அகலவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன். பேர் சொல்லாமல் எழுதலாம் என்று இருவருமே சம்மதித்திருக்கிறார்கள். பனியன் தொழிலை நம்பிப் பிழைக்கும் நம் ஊரில் இந்தக் கேள்வி ஒரு வீட்டுக் கேள்வியல்ல. லோடு வண்டிக்குப் பதிலாகத் தையல் மிஷின் என்றும், நிட்டிங் மிஷின் என்றும், இன்னொரு ஷெட் என்றும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

வண்டி மாற்றுவதில் பாவமென்ன, புண்ணியமென்ன என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வண்டி வாங்குவது அதனளவில் நல்லதுமல்ல, கெட்டதுமல்ல. ஆனாலும் அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் ஒரு நுட்பம் சொல்லியிருக்கிறார். பொதுப்படையாகப் பேசும்போது நன்மை தீமை இரண்டிலும் சேராத செயல்கள் உண்டு. ஆனால் குறிப்பிட்ட ஒரு மனிதன், குறிப்பிட்ட ஒரு நாளில், யோசித்துத் துணிந்து செய்கிற செயல் எதுவும் அப்படி நடுவில் நிற்பதில்லை. அவனுடைய நோக்கமும் சூழ்நிலையும் அதை ஏதாவது ஒரு பக்கம் சாய்த்துவிடும் என்பது அவர் முடிவு. ஆகையால் வண்டி வாங்கலாமா என்ற கேள்விக்கு விடை கிடையாது. இந்த மனிதர், இந்த வருஷம், இன்ன காரணத்துக்காக வாங்கலாமா என்று கேட்டால்தான் விடை உண்டு.

முதலில் அவரிடம் இருப்பது என்ன என்று பார்ப்போம். 2005-ல் டாட்டா கம்பெனியார் ஏஸ் என்ற சிறு வண்டியை வெளியிட்டார்கள். இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் எஞ்சின், 16 குதிரைத்திறன், முக்கால் டன் பாரம். நம் ஜனங்கள் அதற்குக் குட்டியானை என்று செல்லப் பேர் வைத்தார்கள். 2011-ல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மூன்று சிலிண்டர், ஒன்றேகால் டன். அதற்கு மேல் பொலிரோ பிக்கப் போன்றவை. நம் நண்பரிடம் இருப்பது பழைய ஏஸ். இரண்டாம் கையாக வாங்கி, கடனை அடைத்து, இன்று முழுக்க முழுக்க அவருக்கே சொந்தமாக நிற்கிற வண்டி.

குதிரைத்திறன் என்ற வார்த்தையைப் பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் வாட் என்பவர், தம் நீராவி எஞ்சினின் வலுவை ஜனங்களுக்கு விளக்கக் குதிரை இழுக்கிற வேலையோடு ஒப்பிட்டுச் சொன்ன கணக்கு அது. அந்தக் கணக்குப்படி நம் வீதிகளில் டீக்கடை முன் நிற்கிற குட்டியானை ஒவ்வொன்றிலும் பதினாறு குதிரை பூட்டியிருக்கிறது. அக்காலத்தில் ஜமீன்தாருக்குக்கூட அத்தனை இருந்திருக்குமோ என்னவோ! வேதாகமத்தில் உபாகமம் 17-ம் அதிகாரத்தில், இஸ்ராயேலுக்கு அரசனாக வருகிறவன் தனக்கென்று குதிரைகளைப் பெருக்கிக்கொள்ளலாகாது என்று ஒரு விதி இருக்கிறது. குதிரையே வைத்துக்கொள்ளக்கூடாது என்று அது சொல்லவில்லை. பெருக்கிக்கொண்டே போவதைத்தான் தடுக்கிறது.

நம் பக்கத்துக் காங்கேயம் காளையை வயதானவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கவலை இறைத்ததும் அதுதான், வண்டி இழுத்ததும் அதுதான். இறக்கத்தில் தானாகக் காலை ஊன்றும். பாரம் மிஞ்சினால் மூக்கால் சீறும். இன்னும் மிஞ்சினால் படுத்துவிடும். எருதும் கழுதையும் இளைப்பாற வேண்டும் என்று சர்வேசுரன் யாத்திராகமத்தில் கட்டளையிட்டபோது, அந்த மிருகத்தின் பெயரால் அதை ஓட்டுகிறவனுக்கும் ஓய்வு வாங்கிக் கொடுத்தார் என்று நான் நினைப்பதுண்டு. மாடு படுத்தால் மனிதனும் படுத்தே ஆகவேண்டும். எஞ்சின் படுக்காது. இரவு இரண்டு மணிக்குச் சாவியைத் திருகினாலும் ஏனென்று கேளாமல் புறப்படும். முன்பு மாட்டின் உடம்பில் இருந்த எல்லை இப்போது வண்டிக்காரனின் மனதில் இருக்கவேண்டியதாகிவிட்டது. அவன் மனதில் அது இல்லையென்றால் வேறு எங்கும் இல்லை.

சரி, அவருக்குப் பெரிய எஞ்சின் எதற்கு? இதை இரண்டாம் முறை வந்தபோது கேட்டேன். காரணங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வெங்காயத்தை உரிப்பதுபோல் உள்ளே போகப் போகக் கண் கரித்தது.

முதல் காரணம், திம்பம். ஒரு பார்ட்டி சாம்ராஜ்நகருக்குத் துணி அனுப்புகிறார். சத்தியமங்கலம் தாண்டிப் பண்ணாரியிலிருந்து 27 கொண்டைஊசி வளைவு ஏறவேண்டும். பாரத்தோடு குட்டியானை அங்கே மூச்சு முட்டும். உண்மைதான். மாதம் எத்தனை தடவை என்றேன். இதுவரை இரண்டு தடவை என்றார். மாதத்திலா என்றேன். இல்லை, மொத்தமே இரண்டுதான்! அவருடைய மற்ற ஓட்டமெல்லாம் இந்த ஊருக்குள்தான்: நூல் நிட்டிங்குக்கு, துணி சாயப்பட்டறைக்கு, அங்கிருந்து காம்பாக்டிங்குக்கு, பிறகு கட்டிங்குக்கு. பெருமாநல்லூர், அவினாசி, பல்லடம் தாண்டுவது அபூர்வம். இந்த ஓட்டத்தில் நேரம் போவது ரஸ்தாவில் அல்ல. டி.சி. போட ஆள் வரவில்லை, துணி இன்னும் ஈரம், லோடுமேன் சாப்பிடப் போய்விட்டான் என்று வாசலில் காத்திருப்பதில்தான் பாதி நாள் கழிகிறது. நூறு குதிரை பூட்டினாலும் காத்திருக்கும் நேரம் ஒரு நிமிஷம் குறையாது.

இரண்டாம் காரணம், பாரம். இதை அவர் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். முக்கால் டன் என்றால் ஐம்பது கிலோ நூல் மூட்டையில் பதினைந்து. இவர் ஏற்றுவது இருபத்துநான்கு. சிலநாள் அதற்கும் மேல். "எல்லாரும் ஏத்தறாங்க சாமி. நான் மாட்டேன்னா அடுத்த வண்டியைக் கூப்பிட்டுக்குவாங்க."

இங்கேதான் விஷயம் கனக்கிறது. இத்தனை நாளாக நான் வண்டிகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்து அனுப்புகிறேன். என்ன பாரம் ஏற்றுகிறாய் என்று ஒருவரையும் கேட்டதில்லை. அது என் குறை. கொலை செய்யாதே என்ற ஐந்தாம் கட்டளை கத்தி எடுப்பவனுக்கு மட்டும் கொடுக்கப்பட்டதன்று. பிரேக் பிடிக்கும் தூரம் தெரிந்தும், அந்தத் தூரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று குறுக்கே வரலாம் என்று தெரிந்தும், ஒன்பது மூட்டையை மேலே தூக்கி வைக்கிறவன் அந்தக் கட்டளையின் ஓரத்தில் நடக்கிறான். நாட்டுச் சட்டமும் இதைச் சும்மா விடவில்லை. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-ல் திருத்தியபோது அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதமும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் என்று வைத்தார்கள். இன்னொன்று: எஞ்சின் பெரிதானால் பாரமும் பெரிதாக ஏற்றலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கிற எடையே எடை. எஞ்சின் இழுக்கும், நிறுத்துவது பிரேக்கும் டயரும் அச்சும் அல்லவா?

இந்தக் காரணத்தை நான் லேசில் தள்ளிவிட மாட்டேன். உண்மையிலேயே தினமும் 1,200 கிலோ எடுத்தாகவேண்டிய வேலை அவருக்கு நிலையாக இருக்குமானால், 1,200 கிலோ நியாயமாகத் தாங்குகிற வண்டி வாங்குவது ஆசையல்ல, கடமை. சின்ன வண்டியே போதும் என்று சொல்லிக்கொண்டு அதன் முதுகை ஒடிப்பது எளிமை ஆகாது. ஆனால் இங்கே ஒரு சந்தேகம் எழுகிறது. முக்கால் டன் வண்டியில் ஒன்றேகால் டன் ஏற்றியவர், ஒன்றேகால் டன் வண்டியில் எவ்வளவு ஏற்றுவார்? அவரையே கேட்டேன். சிரித்துவிட்டார். அவர் மனைவி சிரிக்கவில்லை.

நம் பங்கில் ஜாப் ஒர்க் நடத்துகிற பெரியவர்கள் இருக்கிறீர்கள். இந்தப் பக்கத்தை நீங்களும் படிக்கிறீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். வாடகையை நடைக்கு இவ்வளவு என்று பேசிவிட்டு, இரண்டு நடைச் சரக்கை ஒரே நடையில் அனுப்பச் சொல்வது யார்? வண்டிக்காரன் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போகும் அந்த ஒன்பது மூட்டையில் நாலரை மூட்டைப் பாவம் உங்களுடையது. 1891-ல் 13-ம் சிங்கராயர் பாப்பரசர் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய நிருபத்தில், வறுமைக்குப் பயந்து ஒருவன் குறைந்த கூலிக்குச் சம்மதித்தாலும் அந்தச் சம்மதத்தால் மட்டும் அது நீதியாகிவிடாது என்ற கருத்தை அழுத்திச் சொல்லியிருக்கிறார். கூலிக்குச் சொன்னது வாடகைக்கும் பொருந்தும். நீங்கள் இரண்டு நடைக்கு வாடகை கொடுத்திருந்தால், இந்த மனிதர் சனிக்கிழமை இரவு என் வாசலில் வந்து நின்றிருக்கவே மாட்டார்.

மூன்றாம் காரணம் கடைசியில்தான் வந்தது. ரயில் மேம்பாலம் ஏறும்போது பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். கூடவே தொழில் ஆரம்பித்த மச்சான் பிக்கப்பில் சர்ரென்று தாண்டிப் போகிறார். கை காட்டிவிட்டும் போகிறார். "ஒரு மாதிரி இருக்குதுங்க சாமி." இதைச் சொல்ல அவருக்கு இரண்டு சந்திப்பு ஆயிற்று. நான் அவரைக் கண்டிக்கவில்லை. கண்டிக்க எனக்கு யோக்கியதை இல்லை. சில வருஷங்களுக்கு முன் கிளைக் கிராமங்களுக்குப் போய்வர என்று நன்றாக ஓடிக்கொண்டிருந்த 100 சி.சி. மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டு 350 சி.சி. ஒன்று வாங்கினேன். மண்பாதை, தூரம், மழை என்று மேற்றிராணியார் அலுவலகத்துக்கு நீளமாகக் காரணம் எழுதினேன். எழுதியதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அந்த வண்டியின் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது என்பதை எழுதவில்லை. காரணங்கள் எல்லாம் உண்மையாக இருந்தும் அவற்றின் வரிசை பொய்யாக இருக்கமுடியும் என்று அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

பணக்கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்கு மாதத் தவணை 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 25 நாள் ஓடினால் நாளுக்கு 720. பெரிய எஞ்சின் கூடுதல் டீசல் குடிக்கும். நாளுக்கு இரண்டு லிட்டர் கூட, லிட்டர் 90 என்று வைத்தாலும் 180. ஆக, காலையில் சாவி போடும்போதே 900 ரூபாய் கடன். இப்போது அந்த மனிதர் மனதில் ஒரு கணக்கு ஓடும். 18,000-ஐ 25-ஆல் வகுக்காமல் 30-ஆல் வகுத்தால் தவணை நாளுக்கு 600 தானே! அந்த ஐந்து நாள் எங்கிருந்து வரும்? பூசைக்கு வருகிற நாளிலிருந்து வரும். அப்பா எங்கே என்று பிள்ளை கேட்காமல் இருக்கிற ஒரே நாளிலிருந்து வரும். ஏற்கெனவே ஒன்றரை ஷிப்ட் என்ற பேரில் காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை வேலை செய்கிற ஊர் நம்முடையது. ஞாயிற்றுக்கிழமைதான் நம் வீடுகளில் அப்பனும் ஆத்தாளும் பிள்ளைகளும் ஒரே சமயத்தில் தட்டெடுத்து உட்காருகிற நாள். நான் பூசைக்கு ஆள் சேர்ப்பதற்காக இதைச் சொல்லவில்லை. கோவில் ஒரு வாரம் காலியாக இருந்தால் எனக்கு வருத்தம். வீடு காலியாக இருந்தால் அது வேறு விதமான நஷ்டம்.

தவணை நல்ல நாளை மட்டும் பார்த்து வருவதில்லை. 2020-ல் ஊரடங்கு வந்தபோது மிஷின்கள் நின்றன. ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி இடம் கொடுத்தது, வட்டி நிற்கவில்லை. 2022-ல் நூல் விலை ஏறி, மே மாதத்தில் ஊரே கடையடைத்து நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, ஆர்டர் நின்ற கம்பெனிகளின் வாசலில் வண்டிகளும் நின்றன. கடன் இல்லாத குட்டியானைக்காரர் அந்த வாரங்களில் ஒருவேளை காய்கறி ஏற்றிப் பிழைத்தார். தவணை வண்டிக்காரருக்குக் காய்கறி வாடகை காணவில்லை. கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று சேசுநாதர் அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 14-ம் அதிகாரத்தில் சொன்னபோது, மழைக்காலத்தையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பார்.

அப்படியானால் சாமியார் வேண்டாம் என்கிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தாலந்து உவமையில் ஒருவன் பணத்தைப் பத்திரமாக மண்ணில் புதைத்து வைத்தான். எஜமான் அவனை விவேகி என்று மெச்சவில்லை. பயத்துக்குத் தாழ்ச்சி என்று பேர் சூட்டிக்கொண்டு வாழ்நாள் முழுதும் இருந்த இடத்திலேயே இருக்கிறவர்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் பிள்ளைகளின் படிப்பு அங்கேயே நின்றுபோனதும் தெரியும். விவேகம் என்ற புண்ணியத்துக்கு மூன்று வேலை உண்டு என்பார் அர்ச். தோமாஸ்: ஆலோசிப்பது, தீர்மானிப்பது, தீர்மானித்ததைச் செய்யக் கட்டளையிடுவது. அவசரக்காரன் முதலாவதில் தவறுகிறான். பயந்தவன் மூன்றாவதில் தவறுகிறான்.

அர்ச். இஞ்ஞாசியார் எழுதி, 1548-ல் 3-ம் சின்னப்பர் பாப்பரசர் அங்கீகரித்த ஞானத்தியானப் புத்தகத்தில் தீர்மானம் செய்வதற்கு ஒரு வழி இருக்கிறது. முன்பின் பார்த்திராத ஒரு மனிதன் இதே கேள்வியோடு உன்னிடம் வந்தால், அவனுடைய முழு நன்மையை விரும்பி நீ என்ன ஆலோசனை சொல்வாய் என்று யோசி. பிறகு அதையே நீ செய் என்கிறார். நம் நண்பரிடம் இதைச் செய்து பார்த்தேன். "காங்கேயத்திலிருந்து ஒரு வண்டிக்காரர் வந்திருக்கிறார். கடனில்லாத வண்டி, இரண்டு பிள்ளைகள், மூத்தது பிளஸ் டூ. திம்பம் லோடு இரண்டு தடவை வந்திருக்கிறது. என்ன சொல்வாய்?" அவர் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எழுத்துமூலமா லோடு உறுதி வாங்கிட்டியான்னு கேப்பேனுங்க" என்றார். அவ்வளவு நல்ல கேள்வி எனக்குத் தோன்றியிருக்காது.

அதே அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 12-ம் அதிகாரத்தில் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த பணக்காரனை நினைத்துப் பார்க்கிறேன். அவன் திருடினவனல்ல, யாரையும் ஏமாற்றினதாகவும் இல்லை. ஆனால் அவன் பேசுவதை முழுதும் படித்துப் பாருங்கள்: தன்னோடு மட்டுமே பேசுகிறான். பெண்டாட்டியைக் கேட்கவில்லை, வேலையாளைக் கேட்கவில்லை, பக்கத்து வயல்காரனைக் கேட்கவில்லை. கேள்வியும் அவனே, பதிலும் அவனே.

ஆகையால் கைப்பை வாரை முறுக்கிக்கொண்டிருந்த அந்த அம்மாளைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்கிறாய்?" என்றேன். அன்றுதான் முதன்முதலாக அவர் பேசினார். "வண்டி வேண்டாம்னு நான் சொல்லலீங்க சாமி. நகையைக் குடுக்கறதுக்கும் எனக்கு வருத்தமில்லீங்க. ராத்திரி எத்தனை மணிக்கு மேல ஓட்டமாட்டாருன்னு மட்டும் இப்பவே சொல்லிடச் சொல்லுங்க. வாங்கினதுக்கப்புறம் கேட்டா வண்டிதான் பதில் சொல்லும்."

நான் படித்த மெய்ஞ்ஞான சாஸ்திரம் முழுவதும் அந்த அம்மாளுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. 1981-ல் 2-ம் அருள் சின்னப்பர் பாப்பரசர் வேலையைப் பற்றி எழுதிய நிருபத்தில், கருவியைவிட வேலை செய்கிற மனிதனுக்கே முதலிடம் என்று பக்கம் பக்கமாக விளக்கியிருப்பது இதைத்தான்.

இப்போது அவர்கள் வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு எழுதுவதாக ஏற்பாடு. பாரம் அதிகம் என்று உண்மையில் மறுக்கவேண்டிவந்த நாள் எத்தனை, பதினைந்து மூட்டைக்கு மேல் ஏற்றிய நாள் எத்தனை, திம்பம் லோடு வந்தது எத்தனை, வாசலில் சும்மா காத்திருந்த மணி எத்தனை. பள்ளிக்கூடம் போகிற சின்ன மகள்தான் கணக்குப்பிள்ளை. முதல் பக்கத்தில் அந்த அம்மாள் கையால் "இரவு ஒன்பது" என்று எழுதி, அதன்கீழ் அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். திம்பம் பார்ட்டியிடமும் உறுதி கேட்டிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை.

போன வாரம் ஒரு நாள் பதினைந்து மூட்டைக்கு மேல் ஏற்ற மறுத்தாராம். அடுத்த வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டார்களாம். அந்த நாள் வாடகை போயிற்று. அதையும் மகள் எழுதியிருக்கிறாள்.

நோட்டு நிறைந்ததும் வருவார்கள். புது வண்டியோடு வந்தாலும் சரி, பழைய குட்டியானையையே கழுவித் துடைத்துக் கொண்டுவந்தாலும் சரி, மந்திரிக்கத் தயாராயிருக்கிறேன். ஆனால் இனிமேல் தீர்த்தச் செம்பை எடுக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்பேன்; வண்டி மந்திரிக்க வருகிற மற்றவர்களும் அதைக் கையோடு கொண்டுவரவும்.

உங்கள் பங்குக் குரு